திரையில் தெரியும் எண் யாருடையது?

மதுரையில் மருந்துக் கடை வைத்திருப்பவர் ஒருவர், சென்னை நுங்கம்பாக்கத்தில் உள்ள ஒரு மருந்து நிறுவனத்தின் தலைமை அலுவலகத்தைக் கூப்பிடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். புதிதாக வந்திறங்கிய பெட்டியில் இரண்டு அட்டை மாத்திரை நிறம் மாறியிருக்கிறது. ரிசப்ஷனில் இருக்கும் பெண் எக்ஸ்டென்ஷன் 201-இல் எடுத்துப் பேசுகிறார். விஷயத்தைக் கேட்டுக்கொண்டு, அம்பத்தூர் ஆலையில் இருக்கும் தரக்கட்டுப்பாட்டு அதிகாரியின் எக்ஸ்டென்ஷன் 612-க்கு லைனை மாற்றிவிடுகிறார். அதிகாரி இடத்தில் இல்லை. மணி அடித்து ஓய்கிறது. அவர் திரும்பி வந்து பார்க்கும்போது போனில் ஒரு மிஸ்டு கால்: 201. கடைக்காரரின் எண் எங்குமே இல்லை. 201-ஐக் கூப்பிட்டுக் கேட்டால், "காலையிலேர்ந்து நெறைய கால் மாத்திவிட்டிருக்கேன் சார், நீங்க கேக்கிறது எதுன்னு தெரியலையே" என்கிறார் அந்தப் பெண்.

நிறம் மாறிய மாத்திரை பற்றிய புகார் ஒன்று இப்படித் தொலைந்துபோவது சின்ன விஷயம் இல்லை. மருத்துவமனை, மின்வாரியம், காப்பீட்டு அலுவலகம் என்று, திருப்பிக் கூப்பிட்டே ஆகவேண்டிய இடங்கள் எல்லாவற்றிலும் இதே தொல்லை இருக்கிறது.

நம் கதையில் ஆலையில் எக்ஸ்டென்ஷன்களை இணைத்துத் தருவது பழைய இபிஏபிஎக்ஸ் பெட்டி. தலைமை அலுவலகத்தில் அதே வேலையைச் செய்வது புதிய ஐபி பிபிஎக்ஸ். ஒவ்வொன்றுக்குள்ளேயும் மாற்றிவிட்டால் எண் சரியாகத் தெரிகிறது. ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குத் தாண்டும்போது மட்டும் காணாமல் போகிறது. பழைய பெட்டியைப் பராமரிக்கிறவர் புதியதில்தான் பிழை என்பார். புதியதை விற்றவர் பழையதைத் தூக்கிப்போடச் சொல்வார். இருவரும் தங்கள் தங்கள் பக்கத்தைச் சோதித்துக் காட்டுவார்கள். இரண்டு பக்கமும் ஒழுங்காகவே வேலை செய்யும். பிழை இருப்பது இரண்டு இயந்திரங்களும் ஒன்றோடொன்று நடத்தும் உரையாடலில். அந்த உரையாடலை எடுத்துப் படித்துப் பார்ப்பவர்கள் குறைவு என்பதால்தான் இந்தப் புகார் மாதக்கணக்கில் இழுக்கிறது.

ஒருமுறை மட்டும் சொல்லப்படும் எண்

கூப்பிடுபவரின் எண் பேச்சோடு ஒட்டிக்கொண்டு கம்பியில் ஓடிவருவதாகவே பலரும் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. அழைப்பு தொடங்கும்போது, அழைக்கும் பக்கத்து இயந்திரம் எதிர்ப்பக்க இயந்திரத்திடம் அதை ஒரு தகவலாகச் சொல்கிறது. பெரும்பாலும் ஒரே ஒருமுறை. அதன்பின் பேச்சு தன் வழியில் போய்க்கொண்டிருக்கும். எண்ணைப் பற்றி யாரும் எதுவும் சொல்வதில்லை.

பழைய இருகம்பி லேண்ட்லைனில் இது பளிச்சென்று விளங்கும். அமெரிக்க முறையில் முதல் மணிக்கும் இரண்டாம் மணிக்கும் நடுவே உள்ள மௌனத்தில், 1200 ஹெர்ட்ஸ், 2200 ஹெர்ட்ஸ் என்ற இரண்டு ஒலிகளை மாற்றி மாற்றி அனுப்பி, நொடிக்கு 1200 பிட் வேகத்தில் எண் சொல்லப்படுகிறது. இந்தியாவில் வேறொரு வழியும் கையாளப்பட்டது: கம்பியின் மின்முனைகளை ஒருமுறை தலைகீழாக்கிவிட்டு, நாம் பொத்தானை அழுத்தும்போது கேட்கிறோமே, அதே டிடிஎம்எஃப் ஒலிகளில் எண்ணை அனுப்புவது. ஆஸ்டரிஸ்க் என்ற திறமூலத் தொலைபேசி மென்பொருளின் அமைப்புக் கோப்பில் இதற்கென்றே 'போலாரிட்டி ஐஎன்' என்று இந்தியாவைக் குறிக்கும் ஒரு தேர்வு உண்டு. முறை எதுவானாலும், அந்தச் சில நொடிகளில் காதைத் தீட்டிக்கொண்டு இல்லாவிட்டால் எண் போனதுதான். அமெரிக்க முறை லைனில் முதல் மணியிலேயே, தானாக எடுத்துப் பேசும் ஆட்டோ அட்டெண்டன்ட் எடுத்துவிட்டால், எண் வந்து சேருவதற்கு முன்பே பேச்சு தொடங்கிவிடும்.

இரண்டு சிஸ்டங்களை இப்படிப்பட்ட அனலாக் ஜங்ஷன் லைன்களால் இணைத்திருந்தால், மாற்றிவிட்ட அழைப்பில் எண் திருத்தப்படும் என்ற நினைப்பையே விட்டுவிட வேண்டும். நடந்துகொண்டிருக்கும் அழைப்பின் எண்ணைத் திருத்திச் சொல்ல அந்தக் கம்பியில் வழி கிடையாது. எந்த செட்டிங்கைத் தட்டினாலும் பயன் இல்லை. இணைப்பின் வகையைத்தான் மாற்ற வேண்டும்.

பிஆர்ஐ லைனில் நிலைமை மேல். நொடிக்கு 20,48,000 பிட் கடத்தும் ஓர் இணைப்பை 32 பங்காகப் பிரித்து, 30 பங்கைப் பேச்சுக்கும், ஒன்றை ஒத்திசைவுக்கும், ஒன்றை சிக்னலுக்கும் ஒதுக்குகிறார்கள். சிக்னலுக்கான அந்த ஒரு பங்குக்கு டி சேனல் என்று பெயர். அழைப்பு தொடங்கும்போது 'செட்டப்' என்ற செய்தி அதில் போகும். கூப்பிடுபவர் எண், கூப்பிடப்படும் எண், எண்ணைக் காட்டலாமா கூடாதா என்ற குறிப்பு எல்லாம் அதற்குள் தனித்தனிப் புலங்களாக இருக்கும். க்யூ.931 என்ற சர்வதேச விதி இதை வரையறுக்கிறது. பேச்சு நடந்துகொண்டிருக்கும்போதும் டி சேனல் திறந்தே இருக்கிறது என்பதுதான் முக்கியம். சொல்ல விரும்பினால் இடையில் சொல்லலாம்.

ஐபி பிபிஎக்ஸ்கள் பேசும் மொழி எஸ்ஐபி. பொறியாளர்கள் வாயில் அது 'சிப்'. 2002 ஜூனில் வெளியான ஆர்எஃப்சி 3261 அதன் அடிப்படை ஆவணம். இதன் செய்திகள் வெறும் எழுத்துக்கள். மின்னஞ்சலின் தலைப்பு வரிகளைப் போலவே கண்ணால் படிக்கலாம். அழைப்பைத் தொடங்கும் 'இன்வைட்' செய்தியில் 'ஃப்ரம்' என்று ஒரு வரி. கூப்பிடுபவர் தன்னைப் பற்றித் தானே சொல்லிக்கொள்வது அது. 'பி-அசர்ட்டட்-ஐடென்டிட்டி' என்று இன்னொரு வரி. இது, "இவர் இன்னார்தான், நான் சரிபார்த்துவிட்டேன்" என்று இடையில் உள்ள நெட்வொர்க் சொல்வது. 2002 நவம்பரில் வந்த ஆர்எஃப்சி 3325 இதை அறிமுகப்படுத்தியது. இந்த இரண்டு வரிகளில் எதை நம்பித் திரையில் காட்டுவது என்பதை ஒவ்வொரு தயாரிப்பும் தன் போக்கில் முடிவு செய்கிறது. பாதிச் சிக்கல் இங்கேயே பிறந்துவிடுகிறது.

முடிச்சுப் போடப்பட்ட இரண்டு அழைப்புகள்

லைனை மாற்றிவிட்டேன் என்று சாதாரணமாகச் சொல்லிவிடுகிறோம். உள்ளே நடப்பது வேறு. மதுரையிலிருந்து 201-க்கு ஓர் அழைப்பு. 201-இலிருந்து 612-க்கு இரண்டாவது அழைப்பு. பிறகு இரண்டின் முனைகளையும் பிபிஎக்ஸ் முடிச்சுப் போடுகிறது. ஆலையின் பெட்டிக்குத் தெரிந்தது இரண்டாவது அழைப்பு மட்டுமே. அதைத் தொடங்கியவர் 201. வந்த கடிதத்தைப் பிரிக்காமலே புது உறைக்குள் போட்டு, அனுப்புநர் இடத்தில் தன் முகவரியை எழுதி அடுத்த ஊருக்கு அனுப்புவது மாதிரிதான் இது. உறையைப் பார்ப்பவருக்கு உள்ளே யார் எழுதியது என்று எப்படித் தெரியும்? அம்பத்தூர் போன் 201 என்று காட்டியதில் பொய் எதுவும் இல்லை.

மாற்றிவிடுவதிலும் மூன்று விதம் உண்டு. எந்த விதத்தில் மாற்றப்பட்டது என்று கேட்காமல் இந்தப் புகாரை ஆராயத் தொடங்குவது வீண்வேலை.

முதலாவது பிளைண்ட் டிரான்ஸ்ஃபர். டிரான்ஸ்ஃபர் பொத்தானை அழுத்தி, 612 என்று போட்டு, உடனே விலகிவிடுவது. எஸ்ஐபி போன் இதற்கு 'ரெஃபர்' என்ற செய்தியை அனுப்பும். 2003-இல் வந்த ஆர்எஃப்சி 3515 இதன் விதி. "இந்த ஆளை 612-க்கு அனுப்பிவிடு" என்பது அதன் பொருள். அதை வாங்கிக்கொண்ட பிபிஎக்ஸ் ஆலைக்குப் புதிதாக ஒரு இன்வைட் எழுதும். அந்தப் புதுச் செய்தியில் மதுரை எண்ணை எழுதுவதா, 201 என்று எழுதுவதா என்பது பிபிஎக்ஸின் கையில் இருக்கிறது. கூப்பிட்டவரின் எண்ணை எழுதும்படி அமைத்துவிட்டால் கதை முடிந்தது. மூன்றில் எளிதானது இது.

இரண்டாவது அட்டெண்டட் டிரான்ஸ்ஃபர். முதலில் 612-ஐக் கூப்பிட்டு, "சார், மதுரையிலேர்ந்து ஒரு கம்ப்ளைன்ட், பேசறீங்களா?" என்று கேட்டுவிட்டுப் பிறகு இணைப்பது. இங்கே மணி அடிக்கும்போது 201 என்று தெரிவதுதான் நியாயம். உண்மையிலேயே பேச வருவது ரிசப்ஷன் பெண்தானே. அவர் விலகியபின் திரை மதுரை எண்ணுக்கு மாற வேண்டும். மாறாவிட்டால்தான் பிழை.

மூன்றாவது, நம் அலுவலகங்களில் மிக அதிகமாக நடப்பது: எக்ஸ்டென்ஷனைப் போட்டு, மணி அடிக்கிற சத்தம் கேட்டதும் ரிசீவரை வைத்துவிடுவது. அழைப்பு 201-இன் பெயரில் கிளம்பிவிட்டது. எதிரில் இன்னும் எடுக்கவில்லை. மணி அடித்துக்கொண்டிருக்கும்போதே முடிச்சு போடப்படுகிறது. நம் தரக்கட்டுப்பாட்டு அதிகாரியின் மிஸ்டு காலில் 201 என்று பதிவானது இப்படித்தான். மூன்றிலும் சரிசெய்யக் கடினமானது இதுவே. ஏனென்று பார்ப்போம்.

இரண்டாவது, மூன்றாவது வகைகளில் எண் சரியாகத் தெரிய ஒரே வழி, முடிச்சுப் போட்டபின் பிபிஎக்ஸ் ஒரு திருத்தச் செய்தி அனுப்புவது: "இனி உன் எதிரில் இருப்பவர் 201 இல்லை, மதுரை எண்." எஸ்ஐபியில் இதற்கு இரண்டு வாகனங்கள். ஒன்று, நடக்கும் அழைப்புக்குள்ளேயே மீண்டும் அனுப்பும் 'ரீ-இன்வைட்'. மற்றொன்று 'அப்டேட்', 2002-இல் ஆர்எஃப்சி 3311 கொண்டுவந்தது. ரீ-இன்வைட்டை எதிர்ப்பக்கம் எடுத்தபின்தான் அனுப்ப முடியும். மணி அடித்துக்கொண்டிருக்கும்போது அதற்கு இடமில்லை. அப்டேட் எடுப்பதற்கு முன்பும் போகும். ஆகவே மணி அடிக்கும்போது மாற்றிவிடும் பழக்கம் உள்ள அலுவலகத்தில், இரண்டு சிஸ்டங்களும் அப்டேட் செய்தியைப் புரிந்துகொள்ள வேண்டியது கட்டாயம். ஒரு சிஸ்டம் தனக்குத் தெரிந்த செய்திகளின் பட்டியலை 'அலவ்' என்ற வரியில் அறிவிக்கும். அந்தப் பட்டியலில் அப்டேட் என்ற சொல் இல்லையென்றால், எதிர்ப்பக்கம் எவ்வளவு நல்ல பெட்டியாக இருந்தாலும் வாயை மூடிக்கொண்டு இருக்கும். ஒரு புகாரின் முழு விடையும் சில சமயம் இந்த ஒரு வரியில் இருக்கிறது.

இன்னொரு தடை வரலாற்றில் இருக்கிறது. எஸ்ஐபியின் ஆரம்ப விதிகளில், ஓர் அழைப்பு தொடங்கியபின் ஃப்ரம் வரி மாறக்கூடாது. அழைப்பை அடையாளம் காண்பதற்கே பழைய கருவிகள் அந்த வரியைப் பயன்படுத்தின. நடுவில் ஆள் மாறினால் எண்ணையும் மாற்றிச் சொல்லலாம் என்று முறைப்படி அனுமதித்தது 2007-இல் வந்த ஆர்எஃப்சி 4916. ஆஸ்டரிஸ்க் மென்பொருளில் இணைந்திருப்பவர் எண்ணைத் திருத்தும் வசதி 2010-இல் வந்த 1.8 பதிப்பில்தான் சேர்ந்தது. அதற்கு முந்தைய பதிப்பை வைத்துக்கொண்டு எவ்வளவு முயன்றாலும் அந்தத் திருத்தம் வராது. பெட்டியின் பதிப்பு எண்ணை முதலில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள் என்று அனுபவசாலிகள் சொல்வது இதனால்தான்.

நடுவில் நிற்கும் கேட்வே

ஆலையின் பழைய பெட்டிக்கு எஸ்ஐபி தெரியாது. அது பிஆர்ஐ பேசும். ஆகவே நடுவே ஒரு கேட்வே வைக்கிறார்கள். இந்தப் பக்கம் வரும் இன்வைட்டை அந்தப் பக்கம் செட்டப் ஆக்கித் தருவது அதன் வேலை. அழைப்பின் தொடக்கச் செய்திகளை எல்லா கேட்வேயும் ஒழுங்காக மாற்றித் தரும். நடுவில் வரும் திருத்தச் செய்திதான் சோதனை. அப்டேட் வந்தால் அதை அந்தப் பக்கம் எப்படிச் சொல்வது?

அதற்கு ஒரு மொழி இருக்கிறது. அதன் பெயர் க்யூசிக். வெவ்வேறு கம்பெனிகளின் பிபிஎக்ஸ்கள் ஒன்றோடொன்று பேசுவதற்கென்றே ஐரோப்பிய எக்மா அமைப்பு அதை வகுத்தது; பிறகு ஐஎஸ்ஓ தரமாகவும் அது ஏற்கப்பட்டது. இது க்யூ.931-இன் மேல் கட்டப்பட்டதுதான். ஆனால் பெயரைச் சொல்வது, மாற்றிவிட்டதைச் சொல்வது, தேவையில்லாமல் சுற்றிப்போகும் பாதையைச் சுருக்குவது போன்றவற்றுக்கு இதில் தனிச் செய்திகள் உண்டு. மாற்றம் முடிந்ததும் 'ஃபெசிலிட்டி' என்ற செய்திக்குள், 'கால் டிரான்ஸ்ஃபர் கம்ப்ளீட்' என்ற அறிவிப்பு புதிய ஆளின் எண்ணோடும் பெயரோடும் போகிறது. எதிரில் எடுத்துவிட்டார்களா, மணி மட்டும் அடிக்கிறதா என்றுகூட அந்த அறிவிப்பில் சொல்ல இடம் வைத்திருக்கிறார்கள். மணி அடிக்கும்போதே ரிசீவரை வைக்கும் பழக்கத்தை அந்தத் தரத்தை எழுதியவர்கள் அன்றைக்கே யோசித்திருக்கிறார்கள் என்பது எனக்கு மரியாதையை உண்டாக்குகிறது.

நடைமுறையில் என்ன ஆகிறது? இரண்டு பெட்டிகளையும் இணைக்கும் பிஆர்ஐ-ஐ, தொலைபேசிக் கம்பெனியின் லைனை இணைப்பது போலவே சாதாரண வகையாக அமைத்துவிடுகிறார்கள். அழைப்பு போகிறது, பேச்சு கேட்கிறது, எண்ணும் தெரிகிறது. வேலை முடிந்தது என்று கையெழுத்து வாங்கிக்கொண்டு கிளம்பிவிடுகிறார்கள். க்யூசிக் என்ற தேர்வு அதே மெனுவில் இருந்திருக்கும். பழைய பெட்டிகளில் அதற்குத் தனி லைசென்ஸ் கேட்பதும் உண்டு. அந்த ஒரு தேர்வின் வித்தியாசத்தில் திருத்தச் செய்திகள் அத்தனையும் கேட்வேயின் வாசலில் விழுந்துவிடுகின்றன.

இதோடு ஒரு நஷ்டமும் சேரும். ஆலையிலிருந்து தலைமை அலுவலகத்துக்கு வந்த அழைப்பை மறுபடி ஆலைக்கே மாற்றிவிட்டால், ஒரே பேச்சு போக ஒரு சேனல், வர ஒரு சேனல் என்று இரண்டைப் பிடித்துக்கொள்ளும். இருப்பது 30 சேனல். க்யூசிக் இருந்தால் பாதையைச் சுருக்கி இரண்டையும் விடுவிக்க முடியும்.

சொன்னால் போதுமா, நம்ப வேண்டாமா?

இரண்டு பக்கமும் எஸ்ஐபி, திருத்தச் செய்தியும் போகிறது, ஆனாலும் திரை மாறவில்லை. இது அடுத்த வகைப் புகார். காரணம் பெரும்பாலும் நம்பிக்கை சம்பந்தப்பட்டது.

பி-அசர்ட்டட்-ஐடென்டிட்டி என்ற வரி ஒருவரை ஒருவர் நம்பும் நெட்வொர்க்குகளுக்குள் மட்டுமே செல்லும் என்று அதன் விதியே சொல்கிறது. முன்பின் தெரியாத இடத்திலிருந்து வந்தால் அதைப் புறக்கணிக்க வேண்டும். யார் வேண்டுமானாலும் வங்கியின் எண்ணைத் தன் எண்ணாகச் சொல்லிக்கொள்ளாமல் இருக்க இந்தக் காவல் வேண்டும். ஆஸ்டரிஸ்க்கின் இன்றைய எஸ்ஐபி பகுதியில், இந்த வரியை அனுப்பவும் வேண்டாம், வந்ததை நம்பவும் வேண்டாம் என்பதே தொடக்க நிலை. 'சென்ட் பிஏஐ', 'ட்ரஸ்ட் ஐடி இன்பவுண்ட்' என்ற இரண்டையும் நாமாக 'எஸ்' என்று மாற்ற வேண்டும். நம் சொந்தக் கிளைக்கும் தலைமையகத்துக்கும் இடையிலான இணைப்பில் மட்டும் இதைச் செய்வது சரி. இன்டர்நெட்டைப் பார்த்து நிற்கும் இணைப்பில் செய்வது ஆபத்து.

பி-அசர்ட்டட்-ஐடென்டிட்டிக்கு முன்பே 'ரிமோட்-பார்ட்டி-ஐடி' என்று ஒரு வரி புழக்கத்தில் இருந்தது. அது கடைசிவரை வரைவாகவே நின்று, அதிகாரப்பூர்வமான விதி ஆகவில்லை. ஆனாலும் ஏராளமான கருவிகள் அதைப் பேசுகின்றன. ஒரு பெட்டி பழைய வரியில் எண்ணை எழுதி அனுப்ப, மறு பெட்டி புதிய வரியை மட்டும் தேடிப் பார்த்து, ஒன்றும் இல்லை என்று முடிவு கட்டிவிடும். சிஸ்கோவின் கால் மேனேஜரில் எஸ்ஐபி ட்ரங்க்கை, அதாவது இரண்டு சிஸ்டங்களை இணைக்கும் பாதையை, அமைக்கும் பக்கத்தில் இந்த இரண்டுக்கும் தனித்தனித் தேர்வுக் கட்டங்கள் இருப்பது, இரண்டு உலகத்தோடும் பேச வேண்டியிருப்பதால்தான்.

கால் ஃபார்வர்டு கதையும் இதற்குச் சித்தப்பா பிள்ளைதான். அங்கே 'டைவர்ஷன்', 'ஹிஸ்டரி-இன்ஃபோ' என்ற வேறு இரண்டு வரிகள். முந்தையது 2010-இல் ஆர்எஃப்சி 5806 ஆக வெளிவரும்போதே பழங்கதை என்ற முத்திரையோடுதான் வந்தது. இருந்தும் இன்றுவரை பல ட்ரங்குகள் அதைத்தான் எதிர்பார்க்கின்றன. தரம் ஒரு பக்கம், பழக்கம் ஒரு பக்கம்.

எங்கே தேடுவது

இனி, புகார் வந்ததும் என்ன செய்வது? மெனுவைத் திறந்து கண்ணில் பட்டதையெல்லாம் மாற்றத் தொடங்குவதுதான் வழக்கம். அதைச் செய்யாதீர்கள். நேற்று வேலை செய்ததும் இன்று நின்றுபோகும். எதனால் என்றும் தெரியாது.

மாற்றிவிடாமல் நேராக 201-இலிருந்து 612-ஐக் கூப்பிட்டுப் பாருங்கள். எண்ணே வரவில்லை என்றால் பிரச்சினை டிரான்ஸ்ஃபரில் இல்லை, அடிப்படை இணைப்பில். அது சரியாக இருந்தால், வெளி அழைப்பு ஒன்றைத் தலைமை அலுவலகத்துக்குள்ளேயே ஒரு எக்ஸ்டென்ஷனிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றுங்கள். திரை மாறுகிறதென்றால் அந்தப் பெட்டிக்கு விஷயம் தெரியும். ஆலைக்குள்ளேயும் அப்படியே செய்யுங்கள். இரண்டும் தேறிவிட்டால், குற்றவாளி நடுவில் உள்ள ட்ரங்க் அல்லது கேட்வே. பிறகு ஆலைக்கு பிளைண்டாக ஒன்று, பேசிவிட்டு ஒன்று, மணி அடிக்கும்போது ஒன்று என மூன்று விதமாகவும் மாற்றிப் பார்த்து, எது தேறுகிறது எது தவறுகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். அந்தக் குறிப்பே பாதி விடை. பிளைண்ட் மட்டும் தேறினால், திருத்தச் செய்தி போகவில்லை அல்லது மதிக்கப்படவில்லை. பேசிவிட்டு மாற்றினால் தேறி, மணி அடிக்கும்போது தவறினால், அப்டேட் செய்தியைப் பாருங்கள்.

பார்க்கும்போது போனின் திரையை மட்டும் பார்த்தால் போதாது. சில போன்கள் பேச்சின் நடுவே திரையில் எண்ணை மாற்றிவிடும். மிஸ்டு கால் பட்டியலில் மட்டும் முதலில் வந்த எண்ணையே வைத்திருக்கும். அது போனின் குணம். பிபிஎக்ஸைக் குறை சொல்லிப் பயனில்லை.

கடைசியில், உரையாடலையே பிடித்துப் படிக்க வேண்டும். எஸ்ஐபி பக்கத்துக்கு வயர்ஷார்க் என்ற இலவச மென்பொருள் போதும். யார் யாருக்கு எந்த நேரத்தில் என்ன அனுப்பினார்கள் என்று ஏணிப்படம் போல வரைந்து காட்டும். பிஆர்ஐ பக்கத்தில் கேட்வேயிலேயே க்யூ.931 பதிவை ஓடவிடலாம். டிரான்ஸ்ஃபர் பொத்தானை அழுத்திய நொடியைக் கடிகாரத்தில் குறித்துக்கொண்டு, பதிவில் அதே நொடிக்குப் போங்கள். அதன்பின் திருத்தச் செய்தி கிளம்பியிருக்கிறதா? இல்லையென்றால் அனுப்பும் பெட்டியில் வேலை. கிளம்பியிருந்தால், எந்த வரியில் எண் இருக்கிறது? எதிர்ப்பக்கம் '200 ஓகே' என்றதா, '405' என்றதா? 405 என்றால் அந்தச் செய்தியை ஏற்கமாட்டேன் என்று பொருள். ஓகே சொல்லியும் திரை மாறவில்லையென்றால் நம்பிக்கை செட்டிங்கைப் பாருங்கள். கேட்வேயின் ஒரு பக்கம் நுழைந்த திருத்தம் மறுபக்கம் வெளியே வரவில்லையென்றால், அது அங்கேதான் தொலைந்தது. இந்தப் பதிவைக் கையில் வைத்துக்கொண்டு பேசினால், உன் பக்கம் என் பக்கம் என்ற சண்டை அந்த இடத்திலேயே நின்றுவிடும்.

எண் வந்த பிறகும் ஒரு கேள்வி உண்டு: அதைத் திருப்பிக் கூப்பிட முடிகிறதா? வெளி எண்ணுக்கு முன்னால் 0 அல்லது 9 போட வேண்டிய சிஸ்டத்தில், வெறும் பத்து இலக்கமாக வந்த எண்ணை ரீடயல் செய்தால் போகாது. இரண்டு இடத்திலும் 201 என்ற எக்ஸ்டென்ஷன் இருந்தால், ஆலைக்காரர் திருப்பிக் கூப்பிடும்போது அவருடைய கேன்டீன் எடுக்கும். ட்ரங்கைத் தாண்டும்போது கிளைக் குறியீட்டைச் சேர்ப்பதும், வெளி எண்ணுக்கு அணுகல் இலக்கத்தைச் சேர்ப்பதும் அவசியம்.

பெயரைப் பொறுத்தவரை ஒன்றே ஒன்று. எஸ்ஐபி யூனிகோடைத் தாங்கும். டைரக்டரியில் தமிழிலேயே பெயர் எழுதலாம். பழைய பெட்டிகளுக்கு மேற்கத்திய எழுத்துகள் மட்டுமே தெரியும். தமிழ்ப் பெயர் கேட்வேயைத் தாண்டினால் கேள்விக்குறிகளாகச் சிதறலாம். இரண்டு உலகமும் கலந்திருக்கும்வரை ட்ரங்குக்கு ஆங்கில எழுத்துப் பெயரை வைத்துக்கொள்வது நல்லது. எனக்கு இதில் மகிழ்ச்சி இல்லை, ஆனால் இன்றைய நிலை அதுதான்.

பிழை அல்லாதவை

சரிசெய்யக் கூடாத சில உண்டு. மதுரைக் கடைக்காரரின் அழைப்பை அதிகாரியின் மொபைலுக்கு மாற்றிவிட்டால், மொபைலில் பெரும்பாலும் நிறுவனத்தின் எண்தான் தெரியும். தொலைபேசிக் கம்பெனி, நமக்கு ஒதுக்கிய எண் வரிசையைத் தாண்டிய எந்த எண்ணையும் நம் லைனிலிருந்து ஏற்காமல் மாற்றிவிடலாம், அல்லது அழைப்பையே நிறுத்திவிடலாம். மோசடிக்காரர்கள் பிறர் எண்ணைப் போட்டுக்கொண்டு ஏமாற்றுவதைத் தடுக்க இந்தக் காவல் உலகெங்கும் இறுகிவருகிறது. அமெரிக்காவில் 2021 ஜூன் 30 முதல் பெரிய கம்பெனிகள் தங்கள் ஐபி நெட்வொர்க்குகளில் கூப்பிடும் எண்ணுக்கு டிஜிட்டல் கையொப்பம் இட வேண்டும் என்று ஆக்கப்பட்டது. இந்தியாவில் 2024 அக்டோபரில், வெளிநாட்டிலிருந்து இந்திய எண்ணைப் போட்டுக்கொண்டு வரும் போலி அழைப்புகளைத் தடுக்கும் அமைப்பு தொடங்கப்பட்டது. இந்தச் சூழலில், கடைக்காரர் எண்ணையே மொபைலில் காட்டும்படி எப்படியாவது செய்துகொடுங்கள் என்று டெக்னீஷியனை நெருக்கக் கூடாது. எண்ணை வேறு வழியில், குறுஞ்செய்தியாகவோ கம்பெனியின் சொந்தச் செயலி வழியாகவோ சொல்லலாம்.

அதேபோல், தன் எண்ணை மறைக்கச் சொல்லிக் கூப்பிட்டவரின் எண் மாற்றிவிட்ட இடத்திலும் மறைந்தே இருக்க வேண்டும். 'பிரைவசி' என்ற வரி அதற்காகத்தான் செய்தியோடு போகிறது. திருத்தச் செய்தியை அமைக்கும் அவசரத்தில் அந்த வரியைக் கழற்றிவிட்டால், நம்பிக்கையோடு பேசிய ஒருவரைக் காட்டிக்கொடுத்ததாக ஆகிவிடும். ஆலோசனை மையங்களுக்கும் மருத்துவமனைகளுக்கும் இது மிக முக்கியம்.

புதிய பிபிஎக்ஸ் வாங்கப்போகும் அலுவலகங்களுக்கு ஒரு வேண்டுகோள். பர்ச்சேஸ் ஆர்டரில் 'காலர் ஐடி வசதி உண்டு' என்ற வரியோடு திருப்தி அடையாதீர்கள். அது எல்லாப் பெட்டியிலும் உண்டு. வெளியிலிருந்து வரும் அழைப்பைப் பழைய சிஸ்டத்துக்கு மூன்று விதமாகவும் மாற்றி, ஒவ்வொன்றிலும் திரையிலும் மிஸ்டு கால் பட்டியலிலும் கூப்பிட்டவரின் எண் எப்போது தெரிய வேண்டும் என்று எழுதி, அந்தச் சோதனை தேறிய பிறகே கடைசித் தவணையைக் கொடுங்கள்.